நான்கு ஆட்டமும் மூன்று ஆட்டமும்

அதிகாலை மூன்றரை மணிக்குப் புறப்படும் முதல் பேருந்தைத் தவறவிடக் கூடாது என்பதற்காக, கடற்கரை ஊர் ஒன்றின் பள்ளி மாணவியர் பன்னிருவர் முந்தின இரவே வந்து கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டனர். உடன் அவர்களுடைய உடற்கல்வி ஆசிரியை. துணைக்கு இரண்டு தாய்மார். புளியோதரைப் பொட்டலங்கள் ஒரு பனையோலைப் பெட்டியில் இருந்தன. சென்ற கல்வியாண்டு ஆகஸ்டு மாதத்தில் தென்மாவட்ட நகரம் ஒன்றின் பள்ளியில் நடந்த கைப்பந்துப் போட்டிக்கு அவர்கள் புறப்பட்ட காட்சி அது. நாமும் அவர்களோடு சென்றோம். அந்தப் பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். ஏன் வேண்டாம் என்பது கட்டுரையின் பிற்பகுதியில் விளங்கும்.

கைப்பந்து என்பது ஏழை எளிய ஊர்களின் விளையாட்டு. பதினெட்டு மீட்டர் நீளமும் ஒன்பது மீட்டர் அகலமும் உள்ள மணல்தரை, இரண்டு கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து, இவை போதும். 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹோலியோக் நகரில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சி இயக்குநர் வில்லியம் மார்கன் இவ்விளையாட்டை அமைத்தபோது, கூடைப்பந்தில் ஓடியாட இயலாத நடுத்தர வயதினருக்கு ஏற்ற பொழுதுபோக்காகவே அதைக் கருதினார். நம் கடலோரத்துப் பிள்ளைகள் அதை வேறொன்றாக ஆக்கிவிட்டனர். மாலையில் வலை காயும் மணலிலேயே பந்து வலையும் கட்டப்படுகிறது. வென்று வாங்கும் சான்றிதழ் சில குடும்பங்களுக்கு வெறும் காகிதமன்று. கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கீடு உண்டு என்பதை அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் நன்கு அறிவர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய், மாவட்டச் சான்றிதழுக்கும் மாநிலச் சான்றிதழுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேருந்திலேயே நமக்கு விளக்கினார்.

நாங்கள் நகரை அடைந்தபோது மணி ஏழே கால். எட்டு மணிக்கு முதல் ஆட்டம் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தது. தொடக்க விழாவுக்குரிய சிறப்பு விருந்தினர் பத்து மணிக்கு வந்தார். பத்தேகாலுக்குத்தான் நடுவர் ஊதல் ஒலித்தது. அதற்குள் ஆட்ட அட்டவணையை ஒரு கரும்பலகையில் எழுதி வைத்திருந்தனர். நம் ஆசிரியை அதன்முன் நெடுநேரம் நின்றார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டோம்.

“எண்ணிப் பாருங்கள், ஐயா” என்றார்.

எண்ணிப் பார்த்தோம். வந்திருந்த அணிகள் பதினொன்று. அட்டவணையின் மேற்பாதியில் நான்கு அணிகள், கீழ்ப்பாதியில் ஏழு. மேற்பாதியில் இருந்த நான்கில் ஒன்று போட்டியை நடத்தும் பள்ளி.

அட்டவணை என்னும் ஆட்டம்

இதில் என்ன குற்றம் என்று வாசகர்கள் கேட்கலாம். விளையாட்டுத் துறையில் பழக்கமில்லாதோர்க்கு இது சிறிது விளக்கப்பட வேண்டும்.

தோற்றவர் வெளியேறும் முறையில் நடக்கும் போட்டியில் எத்தனை அணிகள் உண்டோ, அதில் ஒன்று குறைவாக ஆட்டங்கள் நடக்கும். பதினொரு அணிகள் என்றால் பத்து ஆட்டங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் ஓர் அணி வெளியேற, கடைசியில் ஓர் அணி மிஞ்சும் அன்றோ? ஆனால் இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என்னும் எண்ணிக்கையில் அணிகள் வந்தால்தான் அட்டவணை சரியாகப் பொருந்தும். பதினொன்றுக்கு அடுத்த பொருத்தமான எண் பதினாறு. ஆகவே பதினாறில் பதினொன்று போக, மீதமுள்ள ஐந்து இடங்கள் வெற்றிடங்கள். அந்த வெற்றிடத்துக்கு எதிராக விழும் அணி முதற்சுற்றில் ஆடாமலேயே இரண்டாம் சுற்றுக்குச் சென்றுவிடும். இச்சலுகையைப் ‘பை’ என்பர்.

இந்த ஐந்து பைகளை எப்படிப் பிரித்துக் கொடுப்பது? உடற்கல்விப் பாடநூல்களிலேயே இதற்கு முறை உண்டு. அணிகளை மேற்பாதிக்கு ஆறு, கீழ்ப்பாதிக்கு ஐந்து எனப் பிரிக்க வேண்டும். முதல் பை கீழ்ப்பாதியின் கடைசி அணிக்கு. இரண்டாவது மேற்பாதியின் முதல் அணிக்கு. மூன்றாவது கீழ்ப்பாதியின் முதல் அணிக்கு. இவ்வாறு மாறி மாறிச் செல்லும். ஆக, மேலே இரண்டும் கீழே மூன்றும் விழ வேண்டும். பதினோராம் வகுப்பு மாணவன் செய்யக்கூடிய கணக்கு இது.

அந்தக் கரும்பலகையிலோ மேலே நான்கு பை, கீழே ஒன்று. மேற்பாதியினர் ஒருவருமே முதற்சுற்றில் ஆட வேண்டியதில்லை. அவர்களுக்கு மூன்று ஆட்டம் வென்றால் கோப்பை. கீழ்ப்பாதியில் இருந்த ஏழு அணிகளுள் ஆறு அணிகளுக்கு நான்கு ஆட்டம்.

இதோடு நின்றதா? அதுவும் இல்லை. வலிமை மிக்க அணிகள் தொடக்கத்திலேயே ஒன்றோடொன்று மோதி வெளியேறாதபடி அவற்றைத் தனித்தனியே பிரித்து வைப்பதற்கு ‘சீடிங்’ என்று பெயர். வயலில் விதையைப் பரவலாகத் தூவுவது போல நல்ல ஆட்டக்காரரை அட்டவணையில் பரவலாக வைப்பது என்பது பொருள். டென்னிஸ் ஆட்டத்திலிருந்து வந்த சொல். விம்பிள்டனில் 1927 முதல் தகுதியை அடிப்படையாகக் கொண்டு இது முழுமையாகப் பின்பற்றப்பட்டது. இந்த முறைப்படி, சென்ற ஆண்டு வென்ற அணி ஒரு பாதியின் நுனியிலும் இரண்டாம் இடம் பெற்ற அணி மறுபாதியின் நுனியிலும் இருக்க வேண்டும். இங்கே அவ்விரண்டும் கீழ்ப்பாதியிலேயே, அதுவும் பத்தேகால் மணிக்கு நடந்த முதல் ஆட்டத்திலேயே, எதிரெதிராக நின்றன. முந்தைய ஆண்டு இறுதியாட்டத்தில் மோதியவர்கள் இந்த ஆண்டு தொடக்க ஆட்டத்தில் மோதினார்கள். பதினொன்றேகாலுக்கு அவர்களுள் ஓர் அணி பெட்டியைக் கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தது.

சென்ற ஆண்டின் முடிவைக் கொண்டு பள்ளி அணிகளை வரிசைப்படுத்துவது அவ்வளவு சரியா என்ற ஐயமும் நமக்கு உண்டு. சென்ற ஆண்டு வென்ற பிள்ளைகளில் பாதிப் பேர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துச் சென்றுவிடுகின்றனர். பள்ளியின் பெயர்தான் அங்கே நிற்கிறது, ஆடுகிறவர்கள் வேறு. ஆயினும், அந்த முறையை மேற்கொள்வதாகச் சொல்லிவிட்டு, தமக்கு நலமானபோது அதை மறந்துவிடுவதுதான் கேடு.

நண்பகல் வெயிலில்

நம் பிள்ளைகளின் முதல் ஆட்டம் பன்னிரண்டரை மணிக்கு. ஆகஸ்டு மாத நண்பகலில் அந்தத் தரை எப்படிக் காயும் என்பதைத் தென்மாவட்டத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. வென்றார்கள். அடுத்த கால் இறுதி ஆட்டம் இரண்டரைக்கு. வயிறு நிறைய உண்டால் குதிக்க முடியாது என்று ஆசிரியை தடுத்ததால் புளியோதரைப் பொட்டலங்கள் பிரிக்கப்படவில்லை. அதிலும் வென்றார்கள், எதிரணி வேறு யாருமல்ல, சென்ற ஆண்டின் வெற்றியணியே. பொட்டலங்களைப் பிரித்தபோது மணி நான்கு. அதே நான்கு மணிக்கு, வெயில் தணிந்து மரநிழல் ஆடுகளத்தின் மேல் விழுந்த பிறகு, போட்டியை நடத்தும் பள்ளியின் அணி புதுச் சீருடையில், மேளம் முழங்க, தன் முதல் ஆட்டத்துக்கு இறங்கியது.

மறுநாள் ஞாயிறு. நம் மாணவியர் அருகிலிருந்த கோயிலில் ஐந்தரை மணித் திருப்பலி கண்டுவிட்டு ஓடி வந்தனர். காலை ஏழு மணிக்கு முதல் அரையிறுதி. நடத்துவோரின் அணி ஐம்பது நிமிடத்தில் வென்று ஓய்வுக்குச் சென்றது. அடுத்து கோப்பைகளின் ஊர்வலம். அதன்பின் ஐந்நூறு மாணவியரின் கூட்டு உடற்பயிற்சி. பார்க்க அழகாகவே இருந்தது என்பதை மறைக்க மாட்டோம். இரண்டாம் அரையிறுதி ஒன்பதரைக்குத் தொடங்கி, மூன்று செட்களும் நீண்டு, பத்து நாற்பதுக்கு முடிந்தது. வென்றவர் நம் பிள்ளைகள். இறுதியாட்டம் பதினொரு மணிக்கு என்று ஒலிபெருக்கி அறிவித்தது. பரிசு வழங்க வந்த பெரியவர் இரயிலைப் பிடிக்க வேண்டுமாம்.

இருபது நிமிடம்! எதிரணிக்கு மூன்று மணி நேர ஓய்வு. ஆசிரியை ஒரு மணி நேரமாவது வேண்டும் என்று கேட்டார். “பெரியவரைக் காக்க வைக்க முடியுமா, டீச்சர்?” என்று பதில் வந்தது. கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒரே கல்லூரியில் பயின்றவர்கள் என்பது பின்னர் தெரிந்தது.

முதல் செட்டை இருபத்தைந்துக்கு இருபத்தொன்று என வென்றார்கள். இரண்டாவது செட்டில் கால்கள் எழவில்லை. மூன்றாவதில் பன்னிரண்டு புள்ளி வரை தொடர்ந்து போராடி, பதினைந்துக்குப் பன்னிரண்டு எனத் தோற்றார்கள். நடுவர்கள் நேர்மையானவர்கள், ஒரு புள்ளியைக்கூட மாற்றிக் கொடுக்கவில்லை. வென்ற அணியின் பிள்ளைகளும் நன்றாகவே ஆடினார்கள். அந்தப் பிள்ளைகளின் வெற்றியையும் அந்த அட்டவணை சிறிது குறைத்துவிட்டது என்பதை அங்கே எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

திரும்பும் பேருந்தில் யாரும் பேசவில்லை. நெடுநேரம் கழித்து அணித் தலைவி, “டீச்சர், அவங்களுக்கு மூணு ஆட்டம், நமக்கு நாலு ஆட்டம். ஏன் டீச்சர்?” என்று கேட்டாள். ஆசிரியை, “வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீட்டுக் குலுக்கினார்களாம்மா” என்றார். “யார் இருந்தாங்க, டீச்சர்?” என்று அவள் மறுபடியும் கேட்டாள்.

யார் இருந்தார்கள்?

முழுச் சிக்கலும் அந்தச் சிறுமியின் இரண்டாம் கேள்வியில் அடங்கிவிட்டது என்று நமக்குத் தோன்றியது. யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்துகொள்ளத் திருத்தூதர்கள் சீட்டுப் போட்டபோது, ஏறக்குறைய நூற்றிருபது பேர் கூடியிருந்ததாகத் திருத்தூதர் பணி நூல் சொல்கிறது. நம் போட்டிகளில் சீட்டுப் போடும்போது இருப்பவர்கள் நால்வர். எல்லாரும் அந்த நகரத்தைச் சேர்ந்தவர்கள். தொலைவிலிருந்து வரும் பள்ளிகள் மறுநாள் காலைதான் கரும்பலகையைக் காண்கின்றன.

இது தீய எண்ணத்தால் நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. போட்டி நடத்துவது எளிதன்று. பந்தல், ஒலிபெருக்கி, நடுவர்க்குப் படி, பதினொரு அணிக்கு உணவு, கோப்பை. அத்தனைக்கும் நன்கொடை திரட்ட வேண்டும். உள்ளூர் அணி இறுதியாட்டத்தில் இருந்தால்தான் கூட்டம் வரும். கூட்டம் வந்தால்தான் அடுத்த ஆண்டு நன்கொடை வரும். இப்படி எண்ணுகிறவர்கள் கெட்டவர்களல்லர். ஆனால் அந்தச் செலவில் ஒரு பகுதியை அயலூர்ப் பிள்ளைகளின் கால்களிலிருந்து வாங்குகிறோம் என்பதை அவர்கள் உணர்வதில்லை.

உலகப் பெரும் போட்டிகளிலும் இவ்வகைக் கோளாறு உண்டு. 1982-ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் நடந்த உலகக் கால்பந்துப் போட்டியில், அல்ஜீரியா தன் பிரிவின் கடைசி ஆட்டத்தை முதல் நாளே ஆடி முடித்தது. மறுநாள், ஜூன் 25 அன்று, கிகோன் நகரில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஆடின. எந்த முடிவு வந்தால் தாங்கள் இருவருமே தப்பலாம் என்பது அவ்விரு அணிகளுக்கும் தெரிந்திருந்தது. மேற்கு ஜெர்மனி தொடக்கத்தில் ஒரு கோல் போட்டது. அதன்பின் பந்தை இங்குமங்கும் உருட்டிப் பொழுதைக் கழித்தனர். மேற்கு ஜெர்மனியையே வென்றிருந்த அல்ஜீரியா வெளியேறியது. அடுத்த உலகப் போட்டியான 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படுகின்றன. நேரத்தை மாற்றியமைத்ததே தீர்வாயிற்று.

கைப்பந்திலும் 2010-இல் ஒன்று நிகழ்ந்தது. இத்தாலியில் நடந்த ஆடவர் உலகப் போட்டியில் பிரேசிலும் பல்கேரியாவும் அங்கோனா நகரில் மோதின. இரண்டுமே அடுத்த சுற்றுக்குத் தகுதி பெற்றுவிட்டன. ஆனால் தோற்கிறவர்க்கே அடுத்த சுற்றில் எளிய பிரிவு கிடைக்கும் என்பதாக அட்டவணை அமைந்திருந்தது. இரு அணிகளும் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வளித்தன. பிரேசில் மூன்று செட்களிலும் தோற்றது. பணம் கொடுத்து வந்த மக்கள் கூச்சலிட்டனர். அதே பிரேசில்தான் சில நாள்களில் இறுதியாட்டத்தில் கியூபாவை வென்று கோப்பையைப் பெற்றது. தோற்பவர்க்கு நலம் தரும் அட்டவணையைத் தீட்டிவிட்டு ஆட்டக்காரரிடம் மட்டும் நேர்மையை எதிர்பார்த்தால் எப்படி?

இவை தொலைதூரத்துச் செய்திகள். இனி நம் வீட்டுச் செய்திக்கு வருகிறோம். பள்ளியின் பெயரை நாம் ஏன் சொல்லவில்லை என்பதும் இதனால் விளங்கும்.

நான்கு ஆண்டுகளுக்குமுன் நம் பங்குப் பள்ளியும் இதுபோன்ற போட்டி ஒன்றை நடத்தியது. மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து வந்த பெண்கள் அணிக்கு முதல் நாளின் கடைசி ஆட்டம் கிடைத்தது. விளக்கொளியில் ஆடி முடிந்தபோது கடைசிப் பேருந்து போய்விட்டது. அவர்கள் ஒரு வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் படுத்தார்கள். மறுநாள் காலை ஆறரைக்கு அவர்களை எதிர்த்து ஆடியது நம் பள்ளி அணி. தத்தம் வீட்டில் உறங்கி, குளித்து, உண்டு வந்த அணி. நாம் வென்றோம். கோப்பையோடு பிள்ளைகள் நிற்கும் படத்தை இவ்விதழில் வெளியிட்டு, விடாமுயற்சியின் பயன் என்று நாமே எழுதினோம். அந்த மலையடிவாரத்துப் பிள்ளைகள் எங்கே படுத்தார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. தெரியாமல் அன்று, தெரிந்திருந்தும் அது செய்தியாகத் தோன்றவில்லை. நமக்கு நண்பகல் வெயில் கிடைத்த பிறகே அந்த வகுப்பறை நினைவுக்கு வந்தது.

என்ன செய்யலாம்?

பெற்றோரில் சிலர் செய்வது ஒன்று உண்டு: களத்தின் ஓரத்தில் நின்று நடுவரை ஏசுவது. நடுவர்க்கும் அட்டவணைக்கும் தொடர்பில்லை. தந்தையின் கூச்சலைக் கேட்டு மகள் சர்வீஸைத் தவறவிட்டதை நாமே கண்டோம். முறையீடு செய்ய வேண்டுமானால் முதல் ஊதலுக்குமுன், எழுத்தில், அணியின் பொறுப்பாசிரியர் வழியாகச் செய்வதே முறை. ஆட்டம் தொடங்கிய பின் அட்டவணையை மாற்ற எவராலும் இயலாது.

நடத்துவோர் செய்யக்கூடியவை அதிகம். சீட்டுக் குலுக்கலை அணிகள் அனைத்தும் வந்துசேர்ந்த பின் அவற்றின் கண்முன் நடத்தலாம். அரை மணி நேரம் ஆகும். தொலைவிலிருந்து வரும் அணிக்கு முதல் நாள் கடைசி ஆட்டத்தையும் மறுநாள் முதல் ஆட்டத்தையும் சேர்த்துக் கொடுக்காதிருக்கலாம். ஒரே அணியின் இரண்டு ஆட்டங்களுக்கிடையே இவ்வளவு நேரம் இருக்கும் என்று அழைப்பிதழிலேயே அச்சிடலாம். ஆட்டம் எப்போது முடியும் என்று சொல்ல முடியாதே என்பது பழைய காலத்துச் சாக்கு. சர்வீஸ் போட்ட அணிக்கே புள்ளி என்றிருந்த பதினைந்து புள்ளி முறையில் ஒரு செட் எவ்வளவு நேரமும் இழுக்கும். 1998-இல் முடிவு செய்யப்பட்ட இன்றைய முறையில் ஒவ்வொரு பந்துக்கும் புள்ளி உண்டு. மூன்று செட் ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

இன்னொரு வழியும் உண்டு. பதினொரு அணிகளும் ஒன்றோடொன்று ஆட வேண்டுமானால் ஐம்பத்தைந்து ஆட்டங்கள். அது நடவாத காரியம். ஆனால் மூன்று, மூன்று, மூன்று, இரண்டு எனப் பிரிவுகளாக்கி, பிரிவுக்குள் எல்லாரும் எல்லாரோடும் ஆடி, முதலிடம் பெற்ற நால்வர் அரையிறுதிக்குச் சென்றால் மொத்தம் பதின்மூன்று ஆட்டங்களே. பத்துக்கும் பதின்மூன்றுக்கும் மூன்று மணி நேரம்தான் வேறுபாடு. இரவெல்லாம் பயணம் செய்து வந்து ஒரு மணி நேரத்தில் தோற்றுத் திரும்பும் நிலை பெரும்பாலார்க்கு இராது. ஒன்பது அணிகள் குறைந்தது இரண்டு ஆட்டமாவது ஆடும். இதற்கு இரண்டாவது ஆடுகளம் ஒன்று இருந்தால் நலம்.

இந்த ஆண்டு போட்டியை நடத்தும் முறை மீண்டும் நம் பங்குப் பள்ளிக்கு வந்திருக்கிறது. ஆசிரியை பத்துப் பள்ளிகளுக்கும் மடல் எழுதிவிட்டார். வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பள்ளி முற்றத்தில் சீட்டுக் குலுக்கல்; ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஒரு மாணவி வர வேண்டும்; இரவுத் தங்கலுக்குப் பங்கில் வீடுகள் ஏற்பாடாகின்றன. நம் பள்ளியின் சீட்டும் மற்றச் சீட்டுகளோடு அதே பெட்டியில் விழும். பழைய மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், “நம் பிள்ளைகளுக்கே நண்பகல் ஆட்டம் விழுந்தால்?” என்று கவலையோடு கேட்டார். பன்னிரண்டு முதல் மூன்று வரை யாருக்குமே ஆட்டம் இல்லை என்று ஆசிரியை விளக்கினார். மலையடிவாரப் பள்ளிக்கு எழுதிய மடலை மட்டும் அவர் நம்மிடம் காட்டிவிட்டு அனுப்பினார். அதில் நாமும் நான்கு வரி சேர்த்தோம். அவர்களுடைய பதில் இன்னும் வரவில்லை.

இரண்டாவது ஆடுகளத்துக்கு இடம் ஒதுக்கியாயிற்று, வலையும் கிடைத்துவிட்டது. கம்பங்கள்தான் வேண்டும். அண்டைப் பங்குகளில் எவரிடமேனும் ஒரு சோடி கம்பங்கள் இருந்தால், போட்டிக்கு ஒரு வாரம் முன்னதாகத் தெரிவிக்குமாறு ஆசிரியை கேட்டுக்கொள்கிறார். கொண்டுவரும் வண்டிக்கூலியைப் பள்ளி ஏற்கும்.